பழைய கம்ப்யூட்டர்களைப் பார்த்து வந்தோம்

மளிகை வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. பொங்கலுக்கு ஒரு நாள், நெருங்கிய சொந்தத்தில் நல்லது கெட்டது என்றால் அரை நாள், அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு ரங்கே கவுடர் வீதியில் அப்பாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து நமக்கும் அப்படியே ஓடிவிட்டது. 2024-ஆம் ஆண்டு கோடையில்தான் முதல் தடவையாக ஆறு வாரம் கடையை மகனிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரம்மாவுடன் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வந்தோம்.

போய் வந்ததைப் பற்றி எழுதுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். பாலமும் கடற்கரையும் எல்லோரும் எழுதியாகிவிட்டது. நம் வணிகர்கள் அவசியம் பார்க்க வேண்டியது என்று நமக்குப் பட்டது ஒரே ஒரு இடம்தான். அதை மட்டும் எழுதுகிறோம்.

மகள் இருப்பது கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊர். அதற்கு அடுத்த ஊர் மவுண்டன் வியூ. அங்கே கம்ப்யூட்டர்களுக்கென்றே ஒரு பெரிய மியூசியம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை அங்கே போகலாம் என்று மகள் சொன்னதும், “ஏனுங்க, ஊர்ல கடையில இருக்கற கம்ப்யூட்டர் பத்தாதுங்களா? அதைப் பாக்கவா இத்தனை தூரம் வந்தோம்?” என்று வீட்டுக்காரம்மா கேட்டார். நமக்கும் அதே எண்ணம்தான். பேரன் “அப்பச்சி, வாங்க அப்பச்சி” என்று கையைப் பிடித்து இழுத்ததால் கிளம்பினோம்.

உள்ளே போனால் முதலில் கம்ப்யூட்டரே இல்லை. மணிச்சட்டங்களும், கணக்குப் போடும் அளவுகோல்களும், கையால் சுற்றும் கூட்டல் மெஷின்களும்தான் வரிசையாக இருக்கின்றன. இரண்டாயிரம் வருஷக் கணக்கு வேலையின் கதை என்றுதான் அந்தக் காட்சிக்குப் பெயரே. அதில் காம்ப்டோமீட்டர் என்று ஒரு மெஷின். 1887-ல் அமெரிக்காவில் டார் பெல்ட் என்பவர் காப்புரிமை வாங்கியது. டைப்ரைட்டர் மாதிரி வரிசை வரிசையாகப் பொத்தான்கள். பழகியவர்கள் இரண்டு கை விரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்தி, நீளமான பட்டியலைப் பார்த்துக்கொண்டே கூட்டி முடிப்பார்களாம்.

அதைப் பார்த்ததும் நமது கடையின் கணக்குப்பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது. அப்பா காலத்திலிருந்து இருந்தவர். பேரேட்டின் பக்கத்தில் கீழிருந்து மேலாக விரலை ஒரு இழுப்பு இழுப்பார், மேலே போய்ச் சேர்வதற்குள் ரூபாய் காசு சகிதம் கூட்டல் வந்துவிடும். வருஷக் கடைசியில் ஐந்தொகை ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி வீட்டுக்குப் போக மாட்டார். அவரைப் பற்றிப் பின்னால் எழுதுகிறோம்.

அடுத்த அறையில் அட்டைகள். தடித்த காகித அட்டையில் ஓட்டை போட்டு, ஓட்டை இருந்தால் ஒரு அர்த்தம், இல்லாவிட்டால் ஒரு அர்த்தம் என்று வைத்துக் கணக்குப் பார்க்கும் முறை. இது நமக்குப் புதிதாகத் தெரியவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க சிறுமுகையில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தபோது, தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கியதைப் பார்த்திருக்கிறோம். எந்த இழை தூக்க வேண்டும், எது இருக்க வேண்டும் என்று அந்த அட்டைதான் தறிக்குச் சொல்லும். பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் செய்த ஏற்பாடு அது. அவருடைய உருவத்தையே 24,000 அட்டை வைத்துப் பட்டில் நெய்திருக்கிறார்கள்.

அதே ஓட்டை அட்டையைத்தான் ஹெர்மன் ஹாலரித் என்பவர் 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்குக்குப் பயன்படுத்தினார். அதற்கு முந்தைய 1880 கணக்கைக் கையால் எண்ணி முடிக்க ஏழு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஹாலரித்தின் கம்பெனி 1911-ல் வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து, அதுதான் 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. அந்த அறையில் இருக்கும் ஹாலரித் மெஷின் பார்ப்பதற்கு மேஜையும் கடிகாரங்களுமாக ஒரு பழைய பியானோ போல இருக்கிறது.

இங்கே கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள ஒரு சங்கதி உண்டு. ஐ.பி.எம்.மைப் பெரிதாக்கிய தாமஸ் வாட்சன் 1914-ல் அங்கே வருவதற்கு முன்னால் பல வருஷம் கடை கடையாக ஏறி கல்லா மெஷின் விற்றவர். அந்தக் கல்லா மெஷினை 1879-ல் கண்டுபிடித்தவர் டேட்டன் என்ற ஊரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி. வேலைக்காரர்கள் காசை ஜேபியில் போட்டுக்கொள்கிறார்கள் என்ற வயிற்றெரிச்சலில் செய்தது. ‘கெடுக்க முடியாத காசாளர்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஆக, கம்ப்யூட்டர் கம்பெனியின் வேரைத் தோண்டிப் பார்த்தால் கடைசியில் ஒரு கடைக்காரரின் கல்லாப்பெட்டியில் போய் முடிகிறது.

வீட்டுக்காரம்மா நின்று பார்த்தது சமையலறைக் கம்ப்யூட்டர் ஒன்றைத்தான். 1969-ல் ஹனிவெல் கம்பெனி செய்து ஒரு பெரிய ஜவுளிக்கடையின் விலைப்பட்டியலில் போட்டது. சமையல் குறிப்புகளைச் சேமித்து வைக்கலாம், காய் நறுக்கப் பலகையும் அதிலேயே உண்டு. விலை 10,600 டாலர். அன்றைக்கு டாலர் ஏழரை ரூபாய், ஆக ஏறக்குறைய 80,000 ரூபாய். திரை கிடையாது, எழுத்துப் பலகை கிடையாது. விளக்கு எரிவதையும் சுவிட்சுகளையும் வைத்தே பேச வேண்டும், அதற்கு இரண்டு வாரம் பயிற்சி வேறு. ஒன்றுகூட விற்றதாகத் தகவல் இல்லை. “ரசம் வெக்க இரண்டு வாரம் படிக்கோணுமாக்கும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

நாம் நின்றது வேறொரு சாமானுக்கு முன்னால். 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் என்ற கம்ப்யூட்டரின் சேமிப்புப் பெட்டி. இன்றைக்கு ஹார்டு டிஸ்க் என்கிறோமே, அதற்கெல்லாம் மூத்தது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது, ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு டன்னுக்கு மேல் எடை. அத்தனையிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துதான் அடங்கும். செல்போனில் எடுக்கும் போட்டோ ஒன்றிரண்டு வைத்தால் நிரம்பிவிடும் என்று மகள் சொன்னாள். நமக்கு அந்தத் தட்டுகளைப் பார்த்தபோது 1997-ஆம் வருஷம்தான் கண்ணில் வந்தது.

அந்த வருஷம் சித்திரையில் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோம். நமது வீதியில் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டிருந்த காலம். ஒரு பையனை வேலைக்கு வைத்துக் கணக்கு முழுவதையும் அதில் ஏற்றினோம். ஏற்றி முடிந்ததும் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, “அய்யா, இனி இது பாத்துக்கும். நீங்க வீட்டுல ஓய்வெடுங்க” என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றைய தேதி வரைக்கும் பேரேட்டை முடித்து, கடைசி வரியின் கீழ் இரட்டைக் கோடு போட்டு, பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மரியாதைக்கு ஒரு வேட்டி துண்டும் கொஞ்சம் பணமும் கொடுத்தோம். கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

அதற்குப் பின் ஐந்தாவது மாதம், ஒரு மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வந்தது. சாயங்காலம் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் வந்து பார்த்தவர் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றார். தினமும் பிளாப்பியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்று கம்ப்யூட்டர் கொடுத்தவர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு டப்பா பிளாப்பி விலையைப் பார்த்துவிட்டு, வாரம் ஒரு தடவை எடுத்தால் போதாதா என்றோம். பிறகு வாரமும் மாதமானது, மாதமும் மறந்துபோனது. அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. துவரம்பருப்பில் மூட்டைக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கும் புத்தி அங்கேயும் வேலை செய்தது.

அன்னூர் லைன், காரமடை லைன், பல்லடம் லைன், கிணத்துக்கடவு லைன் எல்லாம் சேர்த்து 140 கடைக்கு மேல் பாக்கி. பில் கார்பன் நகல்கள் இருந்தன. வசூல் பையன்கள் வாங்கி வந்த பணத்தை நேராகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. மேலே விருதுநகர்க்காரருக்கும் ஈரோட்டுக்காரருக்கும் நாம் கொடுக்க வேண்டிய தவணை நாள் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

வெட்கத்தை விட்டுக் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பி வந்துவிட்டார். தாம் இரட்டைக் கோடு போட்டு முடித்த பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தேதிப் பாக்கியோடு பில் நகல்களைக் கூட்டி, ஒவ்வொரு கடைக்கும் தம் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினார். எங்கள் கணக்குப் புத்தகம் பழுதாகிவிட்டது, தங்கள் கணக்கில் எங்களுக்கு என்ன நிற்கிறதோ அதைக் குறித்து அனுப்பவும் என்று. கணக்கு போனதை ஊருக்கே சொல்கிறோமே, இனி யார் உள்ளதைச் சொல்லப் போகிறார்கள் என்று நமக்கு உதறல். “எழுதுவாங்க தம்பி. இத்தனை வருஷம் எழுத்துல பொய் வராம பாத்துக்கிட்டோமுல்ல” என்றார்.

எழுதினார்கள். இரண்டு வாரத்தில் எல்லாக் கடையிலிருந்தும் பதில் வந்தது. சிலர் பதிலோடு பணத்தையும் கொடுத்தனுப்பினார்கள். நாம் குத்துமதிப்பாக நினைத்ததைவிடக் கூடுதலாகவே சிலர் காட்டியிருந்தார்கள். மூன்று பேர் மட்டும் குறைத்து எழுதினார்கள். “இருக்கட்டும் தம்பி, அவங்க புத்தகத்தை எலி கடிச்சிருக்கும்” என்று அந்த மூன்றையும் அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டார். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சில்லறைக் கடைக்காரர்களில் அன்றைக்குப் பதில் எழுதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதுவரை நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடுகிறோம்.

வேலை முடிந்ததும் தொடர்ந்து வரச் சொன்னோம். “கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க தம்பி” என்று சொல்லிவிட்டார். கண் நன்றாகத்தான் இருந்தது. நாம் முதலில் அனுப்பிய விதம் சரியில்லை. 2003-ல் அவர் காலமாகிவிட்டார். அந்தப் பழைய கம்ப்யூட்டரை, ஹார்டு டிஸ்க் மாற்றி மூன்று வருஷம் ஓட்டியபின் இரும்பு விலைக்குப் போட்டோம். பேரேடுகளையும் ஒரு வெள்ளையடிப்பின்போது காகிதக்காரருக்குப் போட்டுவிட்டோம்.

மியூசியக் கதைக்கு வருவோம். வியாபாரக் கணக்குக்கென்று முதன்முதலில் கம்ப்யூட்டர் கட்டியது யார் தெரியுமா? இங்கிலாந்தில் டீக்கடைகளும் பேக்கரியும் வைத்திருந்த லயன்ஸ் என்ற கம்பெனி. அவர்களுடைய மேலாளர்கள் இருவர் 1947-ல் ஆபீஸ் வேலை முறைகளைப் பார்த்து வர அமெரிக்கா போனார்கள். அங்கே விஞ்ஞானிகள் கணக்குப் போட ராட்சத மெஷின் கட்டியிருப்பதைக் கேள்விப்பட்டு, இது நம் பன் ரொட்டிக் கணக்குக்கு ஆகுமே என்று யோசித்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கட்டிக்கொண்டிருந்த மெஷினுக்கு 3,000 பவுன் உதவி கொடுத்து, அதைப் பார்த்து 1951-ல் தாங்களே ஒன்று கட்டி முடித்தார்கள். பெயர் லியோ. ஆயிரக்கணக்கான வால்வுகள். அந்த வருஷம் நவம்பரில் அது வாராவாரம் செய்யத் தொடங்கிய வேலை, பேக்கரிச் சரக்கின் அடக்க விலைக் கணக்கு. பிறகு சம்பளப் பட்டியல்.

நமக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய டீக்கடை ஆர்டர் முறை. ஒவ்வொரு டீக்கடைக்கும் தினசரி என்ன அனுப்புவது என்று ஒரு நிலையான பட்டியல். கடையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் தினமும் போன் செய்து, கூடுதல் குறைவு இருந்தால் அதை மட்டும் சொன்னால் போதும். அதை அட்டையில் ஓட்டை போட்டு லியோவுக்குக் கொடுத்தால், எந்தக் கடைக்கு எத்தனை கேக், எந்த வண்டியில் எவ்வளவு என்று பட்டியல் வந்துவிடும். லைன் ஆர்டர் எடுக்கும் எவருக்கும் இது புரியும். எழுபது வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் தொழிலிலும் நிற்கவில்லை, 1978-ல் கம்பெனியே இன்னொருவர் கைக்குப் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

ஆப்பிள் கம்பெனியின் முதல் கம்ப்யூட்டரும் இந்த மியூசியத்தில் உண்டு. 1976-ல் சுமார் 200 மட்டுமே செய்யப்பட்டது. பெட்டிகூடக் கிடையாது, வெறும் பலகை. அதை ஆரம்பித்த இளைஞர்களுக்கு முதல் பெரிய ஆர்டர் கொடுத்தவர் இதே மவுண்டன் வியூவில் பைட் ஷாப் என்ற கடை வைத்திருந்த பால் டெரல். 50 பலகை, ஒன்று 500 டாலர், ஆனால் முழுதாகப் பூட்டித் தர வேண்டும், சரக்கு வந்ததும் ரொக்கம். ஆர்டரைக் காட்டி உதிரிச் சாமானை 30 நாள் தவணைக்கு வாங்கி, வீட்டில் வைத்துப் பூட்டிக் கொடுத்துப் பணம் வாங்கி, தவணைக்குள் கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு உலகமே பேசும் கம்பெனி பிறந்தது ஒரு கடைக்காரரின் ஆர்டரிலும் ஒரு மொத்த வியாபாரியின் கடனிலும்தான். இதை மகளிடம் சொன்னபோது, “அப்பா, நீங்க எல்லாத்துலயும் கடையையேதான் பாக்கறீங்க” என்று சிரித்தாள்.

கடைசியாகப் பார்த்ததுதான் முக்கியமானது. ஒரு தனி அறையில் ஐ.பி.எம். 1401 என்ற மெஷின் இரண்டு, ஓடிக்கொண்டிருக்கின்றன. (மியூசியத்தின் கதவு எண்ணும் 1401 என்பது தற்செயலாம்.) 1959 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. மாத வாடகை 2,500 டாலரில் தொடக்கம், அன்றைய கணக்கில் சுமார் 12,000 ரூபாய். பத்தாயிரத்துக்கும் மேல் செய்து உலகெங்கும் அனுப்பினார்கள். நம் நாட்டிலும் 1961-ல் பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய்க் கம்பெனி இதைத்தான் போட்டது. எல்.ஐ.சி.யில் வந்தபோது வேலை போய்விடும் என்று கல்கத்தாவில் ஊழியர்கள் பெரிய போராட்டம் நடத்தினார்கள். அதற்கு முன்பே 1960-ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் நம்மவர்களே டிப்ராக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டியிருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த அறையில் இருக்கும் இரண்டில் ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. மற்றது கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் வைத்து, குடும்பத் தொழிலாக மற்றவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவந்த மெஷின். இரண்டையும் ஓட வைத்தவர்கள் யார் என்பதுதான் நம்மை நிறுத்தியது. எல்லோரும் ஓய்வுபெற்ற பெரியவர்கள். இளம் வயதில் இதே மெஷினைப் பழுது பார்த்தவர்கள், இதிலேயே வேலை செய்தவர்கள். சம்பளம் கிடையாது. பல வருஷம் உட்கார்ந்து, துரு எடுத்து, ஒவ்வொரு அட்டையாகச் சோதித்து மீட்டிருக்கிறார்கள். மெஷினை மட்டும் வைத்திருந்தால் அது இரும்பு. அதைத் தெரிந்த ஆளையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

அட்டை படிக்கும் பகுதி ஓடும் சத்தம் நெல் மில் சத்தம் போல இருக்கிறது, நிமிஷத்துக்கு 800 அட்டை. அச்சு மெஷின் நிமிஷத்துக்கு 600 வரி. சத்தத்தில் ஏதோ சின்ன மாற்றம் வந்தது போலும், ஒரு பெரியவர் பேச்சை நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, போய் எதையோ தட்டி வந்தார். நமது தொழில் என்ன என்று கேட்டார். மொத்த மளிகை என்று மகள் சொன்னாள். இந்த மெஷின் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் செய்தது, சரக்கு, பாக்கி, சம்பளம் இதற்குத்தான் என்றார்.

வருபவர்கள் தங்கள் பெயரை அங்கேயே ஒரு அட்டையில் ஓட்டை போட்டு எடுத்துக்கொள்ளலாம். பேரன் தன் பெயரை அடித்தான். நமது முறை வந்தபோது நாம் நமது பெயரைச் சொல்லவில்லை, கணக்குப்பிள்ளையின் பெயரைச் சொல்லி அடிக்கச் சொன்னோம். வீட்டுக்காரம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளியில் படிக்கும்போது அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அவர்களின் பொருட்காட்சிக்கு வரிசையாக நடத்திக் கூட்டிப் போனார்கள். உலகமெல்லாம் சுற்றிப் பழைய மெஷின்களைக் கொண்டு வந்து சேர்த்தவர். நம் ஊரிலேயே அப்படி ஒருவர் இருந்தும், நமது வீதியில் யாரிடமும் பழைய தராசுக்கோல், சிட்டை, முத்திரைப் படி ஒன்றும் மிச்சமில்லை. ஊர் திரும்பியபின் பத்துப் பன்னிரண்டு கடைகளில் விசாரித்தோம். இரண்டு கடைகளில் மட்டும் 1950-களின் பேரேடு பரணில் கிடக்கிறது. ஒன்றில் கரையான் பாதி தின்றுவிட்டது. வேறு யாரிடமாவது இருந்தால், வெள்ளையடிக்கும்போது காகிதக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அலுவலக மாடியில் ஒரு அலமாரி காலியாகத்தான் இருக்கிறது.

அந்த அட்டை இப்போது கல்லா மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, “எலி கடிச்சதுங்களா?” என்று கேட்டான். பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் கடையில் கூட்டம் இருக்காது.